செக்கா, ரீஃபைண்டா? தலைக்கும் தோலுக்கும் எந்த எண்ணெய்க்குக் காசு கொடுக்கலாம்

போன ஆவணியில் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, தூரத்து உறவில் அக்கா ஒருவர் செல்போனை நீட்டி இரண்டு பாட்டில்களின் படத்தைக் காட்டினார். ஒன்று அவர் தெருமுனையில் புதிதாகத் திறந்திருக்கும் மரச்செக்குக் கடையில் வாங்கிய தேங்காய் எண்ணெய், மற்றது மளிகைக் கடையில் வாங்கிய கம்பெனி எண்ணெய். "பொண்ணுக்கு முடி கொத்துக் கொத்தா கொட்டுது தம்பி. செக்குதான் நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்க, விலையைப் பாத்தா மலைப்பா இருக்கு. நீ சொல்லு, எதை வாங்க?"

எனக்கு எண்ணெய் வியாபாரம் கிடையாது. அப்பா தாளடி அறுத்த வயலில் எள் போடுவார். அந்த எள்ளை மூட்டை கட்டிக்கொண்டு போய், ஆட்டி முடியும்வரை செக்குக் கொட்டகையில் குந்தியிருப்பது சின்ன வயதில் என் வேலை. அந்த ஒரே தகுதிக்காக இந்தக் கேள்வி வருடா வருடம் என்னைத் தேடி வருகிறது. கேட்கிறவர்கள் எல்லோரும் 'செக்கா, ரீஃபைண்டா' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். தலைக்கும் தோலுக்கும் என்று வரும்போது அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி.

## எதை வைத்து அளப்பது

முதல் கேள்வி, எந்த வித்து. தேங்காய் எண்ணெயில் கிட்டத்தட்ட பாதி லாரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். அது சின்ன, நேரான மூலக்கூறு என்பதால் முடித்தண்டுக்குள் நுழைந்துவிடும். 2003-இல் வெளியான, இன்றுவரை எல்லோரும் எடுத்துக்காட்டும் ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் ஆயில் மூன்றையும் முடியில் தடவிப் பார்த்தார்கள். முடியிலிருந்து புரதம் கரைந்து வெளியேறுவதைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே நன்றாகக் குறைத்தது. (ஆய்வு செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். அதையும் தெரிந்துகொண்டே படிக்க வேண்டும்.) இதில் நம் கேள்விக்கு முக்கியமான சங்கதி என்னவென்றால், ரீஃபைண்ட் செய்தாலும் அந்த லாரிக் அமிலம் எங்கேயும் ஓடிப்போவதில்லை. ஆகவே முடி என்று பார்த்தால், செக்கில் ஆட்டிய சூரியகாந்தி எண்ணெயைவிட ரீஃபைண்ட் தேங்காய் எண்ணெய் மேல்.

இரண்டாவது, எப்போது ஆட்டியது. இதை யாருமே கேட்பதில்லை. காசு அதிகம் வீணாவது இங்கேதான், பின்னால் சொல்கிறேன்.

அப்புறம்தான் எப்படி ஆட்டியது. கூடவே இன்னும் இரண்டு: எண்ணெய் உடம்பில் எவ்வளவு நேரம் தங்கப்போகிறது (அரை மணியில் சீயக்காய் போட்டு அலசுவதற்கும், ராத்திரி தடவி அப்படியே படுப்பதற்கும் ஒரே எண்ணெய் வேண்டியதில்லை), யாருடைய தோல் என்பது. பருக்கிளம்பும் வயதுப் பிள்ளைக்கும் எழுபது வயதுப் பாட்டியின் காய்ந்த முழங்காலுக்கும் பதில் ஒன்றாக இருக்காது.

ரீஃபைண்ட் என்றால் என்ன நடக்கிறது என்பதையும் ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன். பிசினை நீக்குவார்கள், காரம் சேர்த்து, எண்ணெயிலிருந்து உடைந்து தனியாக நிற்கும் கொழுப்பு அமிலங்களை எடுப்பார்கள், ஒருவகைக் களிமண்ணால் நிறத்தை உறிஞ்சுவார்கள், கடைசியில் காற்றில்லாத கலத்தில் 200 டிகிரிக்கு மேல் சூடாக்கி நீராவி விட்டு வாடையைத் துரத்துவார்கள். போவது வாசனை, நிறம், பிசின், புரதத் துணுக்குகள், வைட்டமின் ஈ-யில் ஒரு பகுதி, எள்ளில் இருக்கும் செசமோலின் மாதிரியான சில பொருள்கள். தங்குவது எண்ணெய், அதாவது கொழுப்பு அமிலங்களின் கலவை, ஏறக்குறைய பழையபடியே.

## மரச்செக்கு

இப்போது ஊருக்கு ஊர் இருப்பது மோட்டார் செக்கு. வாகை மர உரல், மெதுவாகச் சுற்றும் உலக்கை. வடியும் எண்ணெயைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், சுடாது. வித்தின் வாசனையும் நிறமும் அதோடு கரைந்திருக்கும் சில்லறைப் பொருள்களும் அப்படியே வரும். நல்லெண்ணெயில் இதற்கு மதிப்பு உண்டு. செசமின், செசமோலின், வைட்டமின் ஈ எல்லாம் சேர்ந்துதான் அந்த எண்ணெயைச் சீக்கிரம் காறவிடாமல் காக்கின்றன. தேங்காய் எண்ணெயில் கதை வேறு. 'செக்குத் தேங்காய் எண்ணெயில் வைட்டமின் ஈ நிறைய' என்று பலகை வைத்திருப்பார்கள். தேங்காய் எண்ணெயில் வைட்டமின் ஈ ஆதியிலிருந்தே சொற்பம், ரீஃபைனரி வந்து பிடுங்கிக்கொண்டு போக அங்கே பெரிதாக எதுவும் இல்லை.

விலைக்கு வருவோம். ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய்க்கு ஏறக்குறைய ஒன்றே முக்கால் கிலோ கொப்பரை வேண்டும், நல்லெண்ணெய்க்கு இரண்டரை முதல் மூன்று கிலோ எள். கொப்பரை கிலோ 200 ரூபாய் என்று பேச்சுக்கு வைத்துக்கொண்டால் வித்துக்கே 350. பிண்ணாக்கு விற்ற காசு ஆட்டுகூலிக்கும் கரண்டுக்கும் போய்விடும். அன்றைக்கு ஒருவர் 'சுத்தமான செக்கு' என்று 280-க்குக் கொடுத்தால் அவர் தர்மம் செய்கிறாரா, கலக்கிறாரா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அன்றைய கொப்பரை விலையைக் கேட்டுக்கொண்டு போய் மனசுக்குள் பெருக்கிப் பார்ப்பதைவிடச் சுலபமான சோதனை எனக்குத் தெரிந்து இல்லை. மார்கழி விடியலில் உறைகிறதா என்று பார்ப்பது பாதிச் சோதனைதான். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியை ஒட்டி உறையும், ரீஃபைண்டும் அப்படியே உறையும், பனைக்கொட்டைப் பருப்பு எண்ணெயும் உறையும். எல்லா வீட்டு எண்ணெயும் உறைந்து கிடக்கும்போது உங்களுடையது மட்டும் தண்ணீர் மாதிரி ஓடினால் சந்தேகப்படலாம். உறைந்ததால் மட்டும் அது சுத்தமாகிவிடாது.

இனி நான் ஏமாந்த கதை. சில வருடங்களுக்கு முன் ஐப்பசியில், தீபாவளிக்கு விலை குறைத்திருக்கிறார்கள் என்று ஒரு செக்குக் கடையில் ஐந்து லிட்டர் தேங்காய் எண்ணெய் டின்னோடு தூக்கி வந்தேன். கார்த்திகைக் கடைசியில் மூடியைத் திறந்தால் பழைய சோப்பு ஊறிய வாடை. அதற்குள் வீட்டில் எல்லோரும் இரண்டு லிட்டர் வரை தேய்த்தாகிவிட்டது, தலையணை உறை துவைத்துத் துவைத்தும் அந்தக் காறல் போகவில்லை, சின்னவள் உச்சந்தலையைச் சொறிந்துகொண்டே பள்ளிக்கூடம் போனாள். செக்கில் கோளாறு இல்லை. அடைமழையில் கொப்பரை காயவில்லை. ஈரம் தங்கிய கொப்பரையில் பூஞ்சை பிடிக்கும், அந்த ஈரமும் பூஞ்சையும் எண்ணெயை உடைத்துக் கொழுப்பு அமிலங்களைப் பிரித்துவிடும். காறலும் அரிப்பும் அதனால் வருவது. ரீஃபைனரி அந்த அமிலங்களைத்தான் எடுத்துப்போடுகிறது. அதாவது அன்றைக்கு என் மகள் தலைக்கு அந்தச் செக்கெண்ணெயைவிட எந்த ரீஃபைண்ட் பாட்டிலும் தேவலை.

ஆகவே காலம் பார்த்து வாங்குங்கள். பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கொப்பரை பங்குனி, சித்திரை வெயிலில் நன்றாகக் காயும். அப்போது ஆட்டியதை வாங்கி வைத்தால் மழைக்காலம்வரை தாங்கும். (2018 நவம்பரில் கஜா புயல் அந்தத் தோப்புகளைச் சாய்த்துப் போட்ட பிறகு கொஞ்ச நாள் எங்கள் பக்கத்துச் செக்குகளில் காங்கேயம் கொப்பரைதான் ஓடியது.) நம் பக்கத்துக் கோடை எள் அறுவடைக்கு வருவது வைகாசி, ஆனியில், நல்லெண்ணெய்க்கு அதுதான் பொழுது. ஐப்பசி, கார்த்திகையில் தேவைப்பட்டால் கால் லிட்டர், அரை லிட்டருக்கு மேல் வேண்டாம். புது எண்ணெயை இரண்டு மூன்று நாள் அசைக்காமல் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் நிற்கும் மண்டியில் ஈரம் இருக்கும், முதலில் கெடுவது அதுதான். பாட்டி காலத்துப் பித்தளைத் தூக்கு பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதிலுள்ள செம்பு எண்ணெயைச் சீக்கிரம் காறவைத்துவிடும். எவர்சில்வரோ பீங்கான் ஜாடியோ போதும், வெளிச்சம் படாத இடத்தில்.

கொல்லையில் தென்னை இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு எல்லாமே மாறிவிடும். பத்துப் பன்னிரண்டு தேங்காய்க்கு ஒரு லிட்டர் என்று வையுங்கள், ஆட்டுகூலி மட்டும்தான் கைக்காசு, பிண்ணாக்கு மாட்டுக்கு. என்ன, பத்துக் கிலோவுக்குக் குறைவாகக் கொண்டுபோனால் பெரும்பாலும் செக்கில் போட மாட்டார்கள், பக்கத்து வீட்டோடு சேர்ந்து போக வேண்டியிருக்கும்.

இன்னொன்று சொல்லாமல் விட மனசு வரவில்லை. இருப்பதிலேயே விலை கூடிய செக்குத் தேங்காய் எண்ணெயை வாங்கிவந்து, இரும்புச் சட்டியில் ஊற்றி, கறிவேப்பிலை, கரிசலாங்கண்ணி, நெல்லிக்காய் எல்லாம் போட்டு, சடசடப்பு அடங்கிப் புகை வரும்வரை காய்ச்சுகிறார்கள். காய்ச்சுங்கள், அந்த வாசனைக்காகவே காய்ச்சலாம். சூடுபடாத எண்ணெய் என்பதற்காகக் கூடுதல் காசு கொடுத்துவிட்டு வீட்டில் அதைச் சூடாக்கினால், கொடுத்த காசு அடுப்பில் போகிறது. காய்ச்சப்போகும் எண்ணெய்க்கு, அடுத்துச் சொல்லப்போகும் மில் எண்ணெயே தாராளம்.

## மில் எண்ணெய்

எக்ஸ்பெல்லர் என்ற இரும்பு இயந்திரத்தில் வித்தை அழுத்தி எடுப்பது இது. அழுத்தத்தில் சூடு 100 டிகிரியைத் தாண்டவும் செய்யும், ஆனால் காரமோ களிமண்ணோ கிடையாது, வடிகட்டி அடைப்பார்கள். வித்திலிருந்து அதிக எண்ணெய் பிழியும் என்பதால் விலை குறைவு. வாசனை இருக்கும், நிறம் கொஞ்சம் தூக்கல்.

பலருக்கும் தெரியாத விஷயம்: கம்பெனி பாட்டில் என்றாலே ரீஃபைண்ட் இல்லை. தேங்காய் எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் பல கம்பெனிகள் விற்பது இந்த மில் எண்ணெயைத்தான். ரீஃபைண்ட் செய்திருந்தால் லேபிளில் 'ரீஃபைண்ட்' என்று போட்டே ஆக வேண்டும், சட்டம் அப்படி. கும்பகோணத்து அக்கா காட்டிய இரண்டாவது பாட்டிலின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த வார்த்தை எங்கும் இல்லை. அவர் இத்தனை நாள் குழம்பியது செக்குக்கும் மில்லுக்கும் நடுவில்தான், முடியைப் பொறுத்தவரை அந்த வித்தியாசம் விலைக்கு ஏற்ற அளவு கிடையாது.

## ரீஃபைண்ட்

இதைத் திட்டாதவர் இல்லை, நானும் சாம்பாருக்கு வாங்க மாட்டேன். தோல் விஷயத்தில் மட்டும் இதற்கு ஒரு நியாயம் உண்டு. வாடை இல்லை, பாட்டிலுக்குப் பாட்டில் மாறாது, உடைந்த கொழுப்பு அமிலம் சொற்பம், ஒவ்வாமை கிளப்பும் புரதத் துணுக்குகள் மிகக் குறைவு. கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ பட்டால் தடித்துப்போகும் உடம்பு சிலருக்கு உண்டு. அவர்களுக்கு ஆபத்து செக்கெண்ணெயில்தான் அதிகம். (நிஜமாகவே கடலை, எள் ஒவ்வாமை இருப்பவர்கள் எந்த வகையையும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.)

சூரியகாந்தி எண்ணெயை முடிக்கு வேண்டாம் என்று மேலே சொன்னேன். காய்ந்த தோலுக்கு நிலைமை தலைகீழ். அதில் லினோலிக் அமிலம் அதிகம், தோலின் மேலடுக்கு ஈரத்தைப் பிடித்துவைக்க அது வேண்டும். ஆலிவ் எண்ணெயில் மிகுந்திருக்கும் ஓலிக் அமிலமோ அந்த அடுக்கைத் தளர்த்தும், ஆகவே விலை கூடிய ஆலிவ் பாட்டிலை வாங்கிக் குழந்தைக்குத் தேய்ப்பதில் லாபம் எதுவும் இல்லை.

இதிலும் மறைந்திருக்கும் செலவு உண்டு. சூரியகாந்தி காற்றுப் பட்டால் சீக்கிரம் காறும். உடம்புக்கென்று தனியாக அரை லிட்டர் வாங்கி இரண்டு மாதத்தில் முடித்துவிடுங்கள், வடை சுட்ட மிச்சத்தை எடுத்துத் தேய்க்கிற சிக்கனம் வேண்டாம். விலை ரொம்ப மலிவாகத் தெரிந்தால் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், சூரியகாந்திப் பூவைப் பெரிதாகப் போட்டு, சின்ன எழுத்தில் 'கலப்புச் சமையல் எண்ணெய்' என்று இருக்கும்.

## 'ஹேர் ஆயில்' பாட்டில்

மல்லிகை வாசனையோடு பச்சையிலும் சிவப்பிலும் வருபவை. பலவற்றில் முக்கால்வாசி மினரல் ஆயில், பின்பக்கம் 'லிக்விட் பாரஃபின்' என்று இருக்கும். விஷம் இல்லை; காறாது, சீப்பு வழுக்கிக்கொண்டு போகும், முடி பளபளக்கும், ஆனால் முடிக்குள் போகாது. சுத்தமான தேங்காய் எண்ணெயைச் 'சமையல் எண்ணெய்' என்று அச்சடித்து விற்பதற்கும் ஹேர் ஆயில் என்று விற்பதற்கும் நடுவில் வரி விவகாரம் ஒன்று இருந்தது. பல வருடம் இழுத்த அந்த வழக்கில், சின்ன பாட்டிலில் இருந்தாலும் தேங்காய் எண்ணெயைச் சமையல் எண்ணெயாக வகைப்படுத்தலாம் என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதனால் தலைக்கு வாங்கும் பாட்டிலில் சமையல் எண்ணெய் என்று போட்டிருந்தால் பதற வேண்டாம், அது நல்ல சேதி.

| | மரச்செக்கு | மில் | ரீஃபைண்ட் | ஹேர் ஆயில் |
|---|---|---|---|---|
| விலை | அதிகம் | நடுத்தரம் | குறைவு | வாசனைக்கும் விளம்பரத்துக்கும் சேர்த்து |
| முடிக்குள் போவது | தேங்காய் என்றால் போகும் | அதே | தேங்காய் என்றால் அதே | மினரல் ஆயில் என்றால் போகாது |
| தாங்கும் காலம் | வித்து காய்ந்ததைப் பொறுத்து | பரவாயில்லை | மூடியிருக்கும்வரை நன்று | நீண்ட நாள் |
| ஏமாற வாய்ப்பு | கலப்படம், ஈரக் கொப்பரை | கலப்படம் | கலப்பு எண்ணெய் லேபிள் | பேரில் மட்டும் மூலிகை |
| எங்கே மேல் | நல்லெண்ணெய்க் குளியல், ராத்திரி தடவி விடுவது | காய்ச்சும் எண்ணெய், அலசும் எண்ணெய் | எளிதில் தடிக்கும் தோல், வாடை ஆகாதவர் | சிக்கெடுக்க |

## யாருக்கு எது

வேதாரண்யம், நாகப்பட்டினம் கரையோரம் போர் தண்ணீர் உப்புக் கரிக்கிற வீடுகளில் முடி நார் மாதிரி ஆகிவிடும். குளிப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு அலசினால் வித்தியாசம் தெரியும், மில் எண்ணெய் போதும்.

பொடுகு இருப்பவர்கள் எந்த எண்ணெயையும் தலையில் ஊறவிட வேண்டாம். பொடுகுக்குக் காரணமான மலசீசியா என்ற பூஞ்சைக்கு இந்த எண்ணெய்களின் கொழுப்பு அமிலங்களே சாப்பாடு, செக்கு என்று சொன்னால் அது மரியாதை காட்டி ஒதுங்கிக்கொள்ளாது. பரு வரும் முகத்துக்குத் தேங்காய் எண்ணெய் எந்த வகையும் ஆகாது. நெற்றியில் மட்டும் வரிசையாகப் பரு வரும் பிள்ளைகளின் அம்மாக்கள், முதல் நாள் ராத்திரி தலையில் எவ்வளவு வைத்தோம் என்று யோசித்துப் பாருங்கள்.

நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்களின் காலில் வரும் சேற்றுப்புண்ணுக்கு எண்ணெய் மருந்தாகாது. சேற்றில் இறங்குமுன் விரல் இடுக்கில் கெட்டியாகத் தடவினால் தண்ணீர் ஊறுவது கொஞ்சம் மட்டுப்படும், அவ்வளவுதான். வெடித்துப் புண்ணானால் ஆரம்பச் சுகாதார நிலையம். பித்தவெடிப்புக்கு எந்த எண்ணெய் என்பதைவிட, ஈரக்காலில் தடவி மூடி வைக்கிறீர்களா என்பதுதான் கணக்கு. அதற்கு வீட்டில் இருப்பதிலேயே மலிவானதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கைக்குழந்தைக்கு: கடுகெண்ணெய் வேண்டாம், எரிச்சல் தரும். நல்ல செக்குத் தேங்காய் எண்ணெய், புதிதாக இருந்தால். எந்த எண்ணெயாக இருந்தாலும் மூக்கிலும் காதிலும் விட வேண்டாம்; நுரையீரலுக்குப் போனால் ஆபத்து என்று குழந்தை மருத்துவர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள், நம் அத்தைகள் இன்னும் விட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். புது எண்ணெய் எதுவானாலும் முழங்கை உள்பக்கம் ஒரு சொட்டு வைத்து ஒரு நாள் பார்த்துவிட்டு ஆரம்பிக்கலாம்.

விளக்கெண்ணெய் இந்தக் கணக்குக்குள் அடங்காது. வரப்போரத்து ஆமணக்கை வறுத்து இடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு மேலே மிதப்பதை வடித்து எடுத்ததுதான் நம் ஊர்களில் பழைய முறை. 'பாரம்பரியம் என்றால் சூடே படக்கூடாது' என்று சொல்பவர்கள் யாராவது வந்தால் அந்தப் பானையைக் காட்டுங்கள். அதைத் தனியாக நீளமுடியில் கெட்டியாகத் தேய்க்காதீர்கள், சடை மாதிரி ஒட்டிக்கொண்டு வெட்டி எடுக்க நேர்ந்தவர்கள் உண்டு. நல்லெண்ணெயில் கால் பங்கு கலந்தால் போதும்.

கும்பகோணத்து அக்காவிடம் கடைசியாக ஒன்று கேட்டேன், பொண்ணுக்கு எப்போதிலிருந்து கொட்டுகிறது என்று. "பிள்ளை பொறந்து நாலு மாசமாச்சுல்ல, ஒரு மாசமாத்தான்" என்றார். பிரசவம் முடிந்து மூன்று நாலு மாதத்தில் அப்படிக் கொட்டுவது வழக்கம்தான், பெரும்பாலும் தானாக நின்றுவிடும், ரத்தம் கம்மியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடச் சொன்னேன்.

"அப்ப எண்ணெயே வேண்டாங்கிறியா?"

"வேணும்க்கா, சிக்கெடுக்க. இருக்கிற பாட்டிலே தீரட்டும்."